புளிமாமரத்தில் கறுத்தக்கொழும்பான்

[காட்சி: களுவாஞ்சிக்குடியில் ஒரு வளவு. கிணற்றடியில் பெரிய மாமரம்.]

வணக்கம். இந்த மரம் வருடம் தவறாமல் காய்க்கும். ஆனால் காய் கடும் புளி, ஊறுகாய்க்கு மட்டும்தான் ஆகும். தறித்துவிட்டு நல்ல கன்று ஒன்றை வைக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். தயவுசெய்து தறிக்காதீர்கள். நம்முடைய கரையோர மணலில் ஒரு கன்றைக் காப்பாற்ற, இரண்டு மூன்று வருடம் கோடை முழுக்கத் தண்ணீர் சுமக்க வேண்டும். இந்த மரத்தின் வேரோ எப்போதோ ஆழத்துக்கு இறங்கிவிட்டது. வேர் இருக்கட்டும், கறுத்தக்கொழும்பான் என்ற இனிப்பு மாவை ஒட்டி, தலையை மட்டும் மாற்றுவோம்.

மாவில் மாதான் ஒட்டும். மரமுந்திரிகை அதே குடும்பம்தான், ஆனாலும் மாவில் கட்டிப் பயனில்லை.

[காட்சி: வெட்டிய கொப்பு, முனையில் சுண்ணாம்பு.]

புரட்டாசியில் கொப்புகளை ஆள் உயரத்தில் வெட்டுங்கள். ஒன்றிரண்டு கொப்பை இலையோடு விட வேண்டும், அதுதான் மரத்துக்குச் சோறு போடும். வெயில் சுடாதபடி வெட்டுவாயிலும் பட்டையிலும் சுண்ணாம்பு பூசுங்கள். மாரி மழையில் துளிர்கள் கிளம்பும். கொப்புக்கு மூன்று நல்ல துளிரை வைத்து மற்றதை ஒடித்துவிடுங்கள். மாசி, பங்குனியில் அவை பென்சில் பருமனுக்கு வந்ததும் ஒட்டலாம். நான் முதல் தடவை ஆனியில் ஒட்டினேன். கச்சான் காற்று ஒரு கிழமையில் அத்தனையையும் காயவைத்துவிட்டது.

[காட்சி: கை, பிளேட், ஒட்டுத்தண்டு. மிக அருகில்.]

கறுத்தக்கொழும்பானில் நுனிமொட்டு பருத்த தண்டாகப் பாருங்கள். பத்து நாளைக்கு முன்பே காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்கிவிட்டால் மொட்டு விழித்துக்கொள்ளும். நான்கைந்து அங்குலத் தண்டு போதும். அடியை இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலத்துக்கு ஆப்பு மாதிரிச் சீவுங்கள். ஒரே இழுப்பில் சீவ வேண்டும், சுரண்டினால் மேடுபள்ளம் வந்துவிடும். மாம்பால் கண்ணில் படாமல் கவனம்.

இப்போது பட்டையின் கீழே பாருங்கள், மெல்லிய பச்சை ஓரம் தெரிகிறதா? உயிர் அங்கேதான். மரத்தில் விட்ட துளிரை நடுவில் பிளந்து ஆப்பை இறக்கும்போது, இரண்டின் பச்சையும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் தொட வேண்டும். தண்டு மெலிந்ததென்றால் நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளி வையுங்கள். அப்புறம் பொலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, ஐஸ்பழப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டுங்கள்.

[காட்சி: பைக்குள் செம்பு நிறத் தளிர்.]

இரண்டு மூன்று கிழமையில் இப்படித் துளிர்க்கும். சரி, உடனே பையை உருவாதீர்கள். தளிர் பையை முட்டும்போது ஒரு மாலையில் கழற்றுங்கள். நாடாவை இரண்டு மூன்று மாதம் விட்டு வைக்கலாம். ஒட்டுக்குக் கீழே பழைய மரம் துளிர்த்துக்கொண்டே இருக்கும். கிழமைக்கு ஒருதரம் அதை ஒடித்துவிடுங்கள், விட்டால் புளிமாங்காய்தான் திரும்ப வரும். முதல் வருடப் பூவையும் கிள்ளிவிடுங்கள். கொப்பு இன்னும் மெலிவுதான், காய்ப் பாரம் தாங்காது.