வெள்ளியங்கிரி இறக்கத்தில் முட்டி வலிக்காமல் இருக்க நான் செய்தது

வணக்கம் மக்களே. வெள்ளியங்கிரி போய்விட்டு வந்து மூன்று நாள் ஆகிறது. தொடை கொஞ்சம் பிடித்திருக்கிறது, ஆனால் முட்டியில் வலி இல்லை. போன வருடம் இதே மலையில் அழாத குறையாகத்தான் இறங்கினேன். நடுவில் என்ன மாற்றினேன் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவைக்குப் பக்கத்தில் பூண்டி அடிவாரம். அங்கிருந்து ஏழு மலை, ஒரு பக்கம் மட்டும் சுமார் 6 கிலோமீட்டர். முதல் மலையே செங்குத்தான கல் படி. எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடலாம், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டால் உட்கார்ந்தாலும் சரியாகாது.

போன வருடம் சாமி கும்பிட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மூங்கில் கம்பை நண்பனிடம் கொடுத்துவிட்டு, படிக்குப் படி குதித்து இறங்கினேன். வழியில் வரும் கைதட்டி சுனைக்கு வருவதற்குள் வலது முட்டியின் வெளிப்பக்கம் சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. இறக்கத்தில் கடைசியாக வரும் அந்த முதல் மலையின் படிகளை ஒவ்வொன்றாக, இடது காலை மட்டும் மடக்கி இறங்கினேன். முட்டியின் வெளிப்பக்கம் இப்படிக் குத்தினால் பெரும்பாலும் இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை ஓடும் பட்டை மாதிரியான திசுதான் காரணம். முட்டிச் சில்லைச் சுற்றி வலித்தால் அது வேறு. படி இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அப்போது சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. தசை சோர்ந்துவிட்டால் அடி நேராக மூட்டில் விழும்.

அதனால் இந்த முறை ஆறு வாரம் முன்பே வீட்டு மாடிப்படியில் ஆரம்பித்தேன். கடைசிப் படியின் ஓரத்தில் ஒரு காலில் நில்லுங்கள். நிற்கிற காலை மெதுவாக மடக்கி, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடுகிற வரை இறங்குங்கள். மூன்று, நான்கு எண்ணுகிற நேரம் ஆகட்டும். தொட்டவுடன் மேலே வந்துவிடுங்கள், தரையில் எடையைப் போடக் கூடாது. முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று குனிந்து பாருங்கள். முதல் வாரம் எனக்குச் சாய்ந்தது. ஒவ்வொரு காலுக்கும் பத்து பத்தாக மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இறக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் கம்பு. தயவுசெய்து இறங்கும்போது அதைக் கையிலிருந்து விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பு கீழ்ப்படியில் ஊன்ற வேண்டும், பிறகுதான் கால். ஒரு முட்டி ஏற்கெனவே வலித்தால் கம்பு எதிர்க் கையில் இருக்கட்டும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு கையிலும் கம்பு ஊன்றிச் சரிவில் இறங்கியபோது முட்டி மேல் விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. ஆயிரக்கணக்கான படிக்கு அது எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்! உயரமான படியில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். பையில் தேவையில்லாததை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

வலி வந்துவிட்டால்? மாத்திரை போட்டுக்கொண்டு வேகமாக நடப்பது தப்பு. வலி மறையும், காயம் வளரும். உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள், காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். வீங்கிய மூட்டில் அன்றைக்கே சூடான எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

இரண்டாம் நாள் தொடையும் கெண்டைக்காலும் அதிகமாக வலிப்பது சாதாரணம், சில நாளில் போய்விடும். ஆனால் 'டப்' என்று சத்தம் கேட்டு முட்டி வீங்கினாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, காலை ஊன்ற முடியாமல் போனாலோ எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஜவ்வு கிழிந்திருக்கலாம்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, நீ-கேப் (முட்டியில் மாட்டும் உறை) போட்டால் போதுமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நீ-கேப் கொஞ்சம் பிடிமானம் தரும், தசையின் வேலையைச் செய்யாது. அவருக்கு ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இல்லையென்றால் நாளைக்குக் காலையில் அந்த மாடிப்படியில் அவரோடு நீங்களும் நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.