பவளத்தை எண்ணுகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் ஒரு கருத்தரங்கு நடந்தது. பவளப்பாறைகளை ஆராய்கிறவர்கள் உலக அளவில் கூடிய முதல் கருத்தரங்கு அதுதான். இந்தியக் கடல் உயிரியல் சங்கம் நடத்தியது. இரண்டாவது, 1973-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு நெடுகப் போன ஒரு கப்பலிலேயே நடந்தது. பிறகு மணிலா, டஹிட்டி, ஹொனலுலு என்று எத்தனையோ ஊர்களில் கூடிவிட்டார்கள். அந்த வரிசையில் முதலாவதாக எழுதியிருக்கிற ஊர், ராமேஸ்வரம் ரயில் பாம்பன் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் நிற்கிற நம் மண்டபம். இதைச் சொன்னால் ராமநாதபுரத்துக்காரர்களே சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

பெருமை இருக்கட்டும். அந்தக் கருத்தரங்கின் கட்டுரைகள் 1972-இல் தொகுப்பாக வெளிவந்தன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் எழுதிய கட்டுரை ஒன்று அதில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பவளப்பாறை எங்கெங்கே இருக்கிறது, அதை எப்படியெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும் கட்டுரை. பயன்பாடு என்ன? பாறையைப் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, கரைக்குக் கொண்டுவந்து, சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஆலைகளுக்கும் விற்பதுதான். ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் போயிருக்கிறது. கருத்தரங்கு நடந்த அதே காலம், அதே கடல்.

அன்றைக்கு அது சட்டப்படி குற்றமில்லை. வேறு பிழைப்பு இல்லாதவர்கள் செய்த தொழில் அது. 1986-இல் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001-இல். தூத்துக்குடிப் பக்கம் கல்லெடுப்பது ஓய இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

எனக்குள்ள குறை வேறு. எத்தனை டன் வெளியே வந்தது என்று ஒரு மதிப்பாவது இருக்கிறது. உள்ளே எவ்வளவு மிஞ்சியது? 21 தீவுகளைச் சுற்றியும் முழுதாக முங்கிப் பார்த்து அளந்த கணக்கு 2003-க்கும் 2005-க்கும் இடையில்தான் கிடைத்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்த கணக்கு அது. மொத்தப் பாறைப் பரப்பு சுமார் 110 சதுர கிலோமீட்டர், அதில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே சிதைந்துபோனது, பெரும்பாலும் கல்லெடுத்ததால் என்று கண்டார்கள். அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீர்மட்டத்துக்குக் கீழே போயிருந்தன.

அதற்கு முன்னால் ஆராய்ச்சியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய இருந்தது. 1900களின் தொடக்கத்தில் முத்துச்சிப்பிகள் ஏன் வருவதும் போவதுமாக இருக்கின்றன என்று பார்க்க வந்த பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹெர்ட்மன், வளைகுடாவின் உயிர்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். மண்டபத்தில் ஆராய்ச்சி செய்த கோபிநாத பிள்ளை பவளங்களைப் பெயர்சொல்லிப் பிரித்தார். பவளத்துக்குப் பெயர் வைப்பது சாதாரண வேலை இல்லை. உயிரோடு இருக்கும்போது பார்க்கிற நிறத்தையும் வடிவத்தையும் நம்ப முடியாது. ஒரே இனம் அலையடிக்கிற இடத்தில் ஒரு மாதிரியும் அமைதியான இடத்தில் வேறு மாதிரியும் வளரும். சதையை நீக்கி, சுண்ணாம்புக் கூட்டிலுள்ள சின்னஞ்சிறு கிண்ணங்களை நுண்ணோக்கியில் பார்த்து, தடுப்புகளை எண்ணித்தான் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்து அவர் இரண்டு கடல்களுக்கும் சேர்த்து 37 பேரினங்கள், 94 இனங்கள் என்று பட்டியலிட்டார். பின்னால் வந்தவர்கள் முங்கிப் பார்த்து மன்னார் வளைகுடாவுக்கு மட்டும் 117 என்றார்கள். பவளம் பெருகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பார்க்கிற கண்கள் கூடின, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு இனம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை தேடுகிற முறை, கேட்டால் சிரிப்பீர்கள், அவ்வளவு எளிது. 20 மீட்டர் அளவுநாடாவைப் பாறைமேல் நீட்டிப் போடுவார்கள். நாடாவின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை நீந்திக்கொண்டே, நாடாவுக்கு நேர் கீழே எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை உயிருள்ள பவளம், எங்கே செத்த பவளம், எங்கே பாசி, எங்கே மணல் என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிப்பார்கள். நீருக்கடியில் பென்சில் எழுதும். மன்னார் வளைகுடா நீர் லட்சத்தீவு மாதிரித் தெளிந்ததல்ல. பல நாள் கலங்கித்தான் கிடக்கும். கச்சான் காற்று பிடித்துவிட்டால் படகே போகாது. எழுதியதைக் கரைக்கு வந்து கூட்டினால், நூற்றுக்கு எத்தனை பங்கு உயிருள்ள பவளம் என்று ஒரே ஒரு எண் வரும். அந்த எண்ணுக்குத் தனியாக மதிப்பு கிடையாது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் போய் மறுபடி எடுத்தால்தான் அது பேச ஆரம்பிக்கும்.

நம் வளைகுடாவில் அது என்ன பேசியது என்று கேளுங்கள். 2005-இல் 37 விழுக்காடு. கல்லெடுப்பு நின்றது. 2009-இல் ஏறத்தாழ 43. நான்கே ஆண்டில் இந்த ஏற்றம்! சும்மா விட்டாலே கடல் தானாகத் தேறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை. பிறகு 2010 கோடை. நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, எண் 33-க்கு இறங்கியது. மறுபடி மெதுவாக ஏறி 39 வரை வந்தது. 2016 கோடையில் ஒரே அடியில் 23 ஆனது. சில மாதங்களுக்குள் மொத்தப் பாறைப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, உயிருள்ள பவளம் என்ற கணக்கிலிருந்து செத்த பவளம் என்ற கணக்குக்குப் போய்விட்டது.

சூடு ஏன் கொல்கிறது என்று ஒரு வார்த்தை. பவளம் விலங்கு. பாலிப் என்கிற சிறிய மெல்லுடல் உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கிச் சமைத்து, சாப்பாட்டில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகிற நல்ல குடித்தனக்காரர்கள். நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் இந்த உறவு கெடும். பாசியின் ஒளிச்சேர்க்கை தடம் மாறி நச்சாகும், பாலிப் அதை வெளியே தள்ளும். நிறம் கொடுத்தது பாசி என்பதால், அது போனதும் வெள்ளை எலும்பு தெரியும். வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல. அப்போதே நீர் குளிர்ந்தால் பிழைக்கும். குளிரவில்லை என்றால் பட்டினியில் சாகும். சில நாட்களில் அதன்மேல் பாசி படர்ந்துவிடும், வெள்ளைகூட மிஞ்சாது.

எல்லாப் பவளமும் ஒரே மாதிரிச் சாவதில்லை. மான்கொம்பு மாதிரிக் கிளைத்து வளர்கிற அக்ரோபோரா முதலில் போகும். உருண்டை உருண்டையாக, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்கிற போரைட்டஸ் தாக்குப்பிடிக்கும். அதனால் நாடாக் கணக்கில் எண் பழையபடி ஏறினாலும் பழைய பாறை திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. கிளைகளுக்கு நடுவில் ஒளிந்து வளர்கிற சின்ன மீனுக்கு உருண்டைப் பவளத்தில் இடம் ஏது? இங்கேதான் கோபிநாத பிள்ளையின் வேலையும் நாடா பிடிக்கிறவரின் வேலையும் ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன. பெயர் தெரியாமல் எண்ணினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இப்படி எண்ணுவதில் பொறுமைக்குப் பேர்போனவர் அமெரிக்கர் ஜோசப் கானல். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் 1960களின் தொடக்கத்தில் சில சதுரங்களைக் குறித்துவைத்து, அதே சதுரங்களைப் படமெடுத்துப் படமெடுத்து, 30 ஆண்டுப் பதிவை 1997-இல் வெளியிட்டார். புயல் அடித்துச் சிதைப்பதும் மீண்டும் முளைப்பதும் பாறைக்கு இயல்பு என்று அந்தப் பதிவில் தெரிந்தது. புயலே வராத மூலையில் வலுத்த சில இனங்கள் மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிடும், ஓயாமல் அடிபடும் இடத்தில் எதுவும் தங்காது, இடைப்பட்ட இடத்தில்தான் அதிக வகை வாழும் என்று அவர் 1978-லேயே எழுதியிருந்தார்.

ஜமைக்கா கதை இதற்கு நேர் எதிர். அங்கே மீன்களைக் காலகாலமாக வாரி எடுத்துவிட்டார்கள். பாசி மேய்கிற கிளிமீன் போன்றவை அருகிப்போய், பாசியைத் தின்று பாறையைச் சுத்தமாக வைத்திருந்தது நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட ஒரு கடல் முள்ளெலி மட்டும்தான். 1983-இல் பனாமாப் பக்கம் தொடங்கிய ஒரு நோய், ஏறத்தாழ ஓராண்டுக்குள் கரீபியன் முழுக்கப் பரவி அந்த முள்ளெலிகளை அழித்தது. பாசி மூடிக்கொண்டது. 1977-இல் 52 விழுக்காடு இருந்த பவளம் 1990களின் தொடக்கத்தில் 3 ஆனது. பவள ஆராய்ச்சியாளர் டெரி ஹியூஸ் இதை 1994-இல் எழுதினார். முந்தைய ஆண்டுகளில் யாரோ எண்ணி வைத்திருந்ததால்தான் எழுத முடிந்தது. அது இல்லாவிட்டால், இங்கே எப்போதும் பாசிதான் என்று அடுத்த தலைமுறை நினைத்திருக்கும். நம் கடலில் பாசி மேய்கிற ஓரா மீனும் கிளிமீனும் எவ்வளவு பிடிபடுகின்றன என்பதும் பவளக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்குதான். அது இரண்டு வேறு துறைகளின் கோப்பில் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாறை போனால் கரைக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2004 ஆழிப்பேரலையின்போது தீவுகள்தான் தூத்துக்குடியைக் காத்தன என்று மேடைதோறும் சொல்கிறோம். இலங்கை குறுக்கே நின்றதை மறந்துவிட்டு அப்படிச் சொல்வது பாதி உண்மை. தெளிவான சான்று இலங்கையிலேயே இருக்கிறது. பெரலிய என்ற இடத்தில், கடலோர ரயிலை அலை புரட்டிப்போட்ட அதே இடத்தில், முன்பே பவளத்தைச் சூறையாடியிருந்தார்கள். அங்கே நீர் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே வந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, பாறை சிதையாமல் இருந்த ஹிக்கடுவவில் சுமார் 50 மீட்டர்தான் வந்தது. ஆய்வாளர் ஹரிந்திர பெர்னாண்டோவும் அவருடன் இருந்தவர்களும் போய்ப் பார்த்து 2005-இல் எழுதியது இது. நம் பக்கம், தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு 1986-இல் 16 ஹெக்டேர். 2014-இல் சுமார் 2 ஹெக்டேர். சுற்றியிருந்த பாறையைக் கல்லாக விற்றதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். பிறகு அதன் முன்னால் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அரிப்பு குறைந்தது.

2002 முதல், உடைந்த பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டி வளர்த்து நடுகிற வேலையும் தூத்துக்குடிக் கடலில் நடக்கிறது. நல்ல வேலை. ஆனால் நட்ட பவளத்துக்கும் அதே சூடுதான். 2024-இல் உலகம் தழுவிய நான்காவது வெளிறல் என்று அறிவிப்பு வந்தபோது, நட்டது எது, தானாக முளைத்தது எது என்று கடல் பார்க்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. இந்த எண்ணும் வேலைக்கு மூன்று வருடத் திட்டம், ஐந்து வருடத் திட்டம் என்று பணம் ஒதுக்குகிறோம். திட்டம் முடிந்ததும் நாடாவைச் சுருட்டிவிடுகிறோம். மழை அளக்கிற அலுவலகத்தை யாராவது மூன்று வருடத்துக்கு என்று திறப்பார்களா? அதைப் போல நிரந்தரப் பணியாக இதையும் வைக்க வேண்டும். ஒவ்வொரு கோடைக்கும் கிடைத்த எண்ணைத் தமிழில் எழுதி, அந்தந்தத் தீவுக்கு எதிரே உள்ள ஊரின் ஏலக்கூடத்தில் ஒட்ட வேண்டும். எந்தப் பாரில், அதாவது எந்தக் கடலடிப் பாறைத் திட்டில், என்ன மாறியது என்று அங்கே வலை இழுக்கிறவர்கள் பார்த்துவிட்டுச் சொல்வார்கள், திருத்தவும் செய்வார்கள். கூடவே, நுண்ணோக்கியில் கிண்ணம் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறுவதற்குள் இரண்டு மூன்று இளைஞர்களையாவது அவர்கள் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். கல்லூரிகளில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நீச்சலோடு அதையும் கற்றுக்கொள்ளுங்கள். சம்பளம் பெரிதாக இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நன்றி, வணக்கம்.