முள் சீத்தா இலையும் மருத்துவ நூலகமும்

நேயர்களுக்கு வணக்கம். முள் சீத்தா இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் மாறிவிடும் என்ற செய்தி உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கும். கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது என்று அதில் ஒரு வரியும் இருக்கும். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் அதை நம்ப விரும்புவதில் எந்தக் குற்றமும் இல்லை. மருத்துவ நூலகராகிய என் வேலை, அந்தச் செய்தியின் வேரைத் தேடிப் பிடிப்பது.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் என்ற தேடுதளம் 1997 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. அதில் முள் சீத்தாவின் தாவரவியல் பெயரான அனோனா முரிக்காட்டா என்று தேடினால் கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. திறந்து படித்தால் பெரும்பாலானவை, ஆய்வுகூடத்தில் கிண்ணங்களில் வளர்த்த புற்றுக் கலங்கள்மேல் சாற்றை ஊற்றிப் பார்த்தவை. சில எலிகளில் செய்தவை. கிண்ணத்தில் கலம் செத்தது உண்மைதான். அப்படிக் கொல்லும் பொருள்கள் ஏராளம்; அவற்றுள் மிகச் சிலவே மனித உடலில் பயன் தந்து மருந்தாகின்றன. முள் சீத்தா புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் நிரூபணம் இல்லை.

அதே தேடலில் இன்னொன்றும் அகப்படும். கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கசாயத்தையும் வழமையாக உட்கொண்டவர்களிடையே பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டதை 1999இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அது தொடர்பைக் காட்டும் ஆய்வு. இதுதான் காரணம் என்று முடிவாக நிறுவியதல்ல. ஆனாலும் தினமும் கசாயம் குடிக்க நினைப்பவருக்கு இது தெரியவேண்டாமா? தொலைபேசிச் செய்தி இதைச் சொல்லாது.

வெளியான கட்டுரை எல்லாம் நிலைத்து நிற்பதும் இல்லை. 2023இல் மட்டும் உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் மீளப் பெறப்பட்டன, அதாவது இனி நம்பத்தக்கவை அல்ல என்று அறிவிக்கப்பட்டன. பணம் வாங்கிக்கொண்டு போலிக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் கூட்டங்களும் இருக்கின்றன; புற்றுநோய்த் துறை அவர்களுக்குப் பிடித்தமான களம். பப்மெட்டில் மீளப் பெற்ற கட்டுரையைத் திறந்தால் தலைப்புக்கு அருகிலேயே எச்சரிக்கை தெரியும். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் அச்சிட்டுக் கோப்பில் வைத்த பிரதியில் அது இருக்காது. கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்கும் மாணவர்களே, மேற்கோள் காட்டுமுன் ஒவ்வொரு கட்டுரையையும் மறுபடி தேடிப் பாருங்கள்.

பரபரப்பில்லாமல் உறுதியான அறிவும் இருக்கிறது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இரவு முழுவதும் கடலில் விழித்திருக்கப் பாக்கை மெல்லும் மீனவச் சகோதரர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். வாய்க்குள் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் பல் வைத்தியரிடம் உடனே காட்டுங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி 2017 முதல் நம் பாடசாலை மாணவிகளுக்குப் போடப்படுகிறது. பெற்றோர் தயங்கவேண்டாம்.

விலை கூடிய மருத்துவ இதழ்களை வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்கள் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ படிக்க, உலக சுகாதார நிறுவனம் 2002இல் ஹினாரி திட்டத்தைத் தொடங்கியது. கதவு திறந்தால் போதாது, தேடத் தெரிந்த ஆள் வேண்டும். ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவர், வைத்தியருக்கும் தாதியருக்கும் மட்டுமன்றி நோயாளியின் குடும்பத்துக்கும் பதில் தேடித் தர இருக்கவேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை, இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று விபரம் கேளுங்கள்: எந்த இதழில் வந்தது, எந்த ஆண்டு, கிண்ணத்திலா எலியிலா மனிதரிலா. பதிலோடு உங்கள் வைத்தியரிடம் போங்கள். அவரைக் கேட்காமல் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் தொடங்கிய சிகிச்சையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். நன்றி, வணக்கம்.