பழைய லேப்டாப்புக்குக் குறைந்த விலையில் எந்த எஸ்எஸ்டி? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி திண்டிவனத்திலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன். "சார், பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டே வரலாம், அவ்வளவு நேரம் ஆகிறது. டிஎன்பிஎஸ்சி வகுப்பு வீடியோ, பிடிஎஃப், கொஞ்சம் டைப்பிங், இவ்வளவுதான் என் வேலை. எஸ்எஸ்டி போட்டால் சரியாகுமா? ஒரு கடையில் 3500 வேகம் வரும் எம்.2 வாங்கச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் சாட்டாவே போதும் என்கிறார்கள். நெட்டில் 2 டிபி ரொம்ப மலிவாக வருகிறதே, அதை வாங்கலாமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் டிரைவ், தாராளமாகப் போடுங்கள். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா என்பது உங்கள் ஹார்ட் டிஸ்க் இப்போது மாட்டியிருக்கும் அதே வகை இணைப்பு), தெரிந்த கம்பெனி, முடிந்தால் 480 அல்லது 500 ஜிபி, முடியாவிட்டால் 240. சின்னப் பலகை வடிவில் வரும் அந்த எம்.2 உங்களுக்கு வேண்டாம். அந்த 2 டிபி பக்கமே போகாதீர்கள். இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லேப்டாப் திணறும்போது டாஸ்க் மேனேஜரை (விண்டோஸில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பகுதி) திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். ஆனால் கீழே ஓடும் வேகம் நொடிக்கு 1 எம்பியோ 2 எம்பியோதான் இருக்கும். முழு மூச்சாக வேலை செய்தும் இவ்வளவுதானா என்று தோன்றும். காரணம் இதுதான். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். படிக்கிற முள் சரியான இடத்துக்கு நகர வேண்டும், அப்புறம் அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு 60, 70 தடவைதான் எடுத்துக் கொடுக்க முடியும். விண்டோஸ் துவங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. இருப்பதிலேயே மலிவான அசல் எஸ்எஸ்டிகூட அதே மாதிரித் துண்டுகளை நொடிக்குச் சில ஆயிரம் எடுத்துத் தரும். உங்களுக்குத் தெரியப்போகும் மாற்றம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்த 3500-க்கு, அதாவது நொடிக்கு 3500 எம்பிக்கு, வருவோம். பெட்டி மேல் பெரிதாக அச்சடிக்கிற அந்த எண், ஒரே பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும்போது வருகிற வேகம். சாட்டாவில் அது 550 எம்பி அளவில் நின்றுவிடும், ஏனென்றால் சாட்டா பாதையின் அகலமே அவ்வளவுதான். சரி, 550 எங்கே, 3500 எங்கே என்று தோன்றும். ஆனால் நான் சொன்ன அந்தச் சின்னத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கச் சொன்னால் சாட்டா நொடிக்கு 20, 30 எம்பி தரும், என்விஎம்இ, அதாவது அந்த 3500 வேகம் வரும் வகை, 50, 60 தரும். ஆறு மடங்கு வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. பிடிஎஃப் திறப்பதில், பிரவுசர் திறப்பதில் அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். வீடியோ எடிட்டிங் செய்கிறவர் காசு கொடுக்கலாம், நியாயம். நீங்கள் கொடுக்க வேண்டாம்.

அதோடு, உங்கள் லேப்டாப்பில் அது ஏறவே ஏறாது என்றுதான் நினைக்கிறேன். எம்.2 என்பது பலகையின் வடிவம் மட்டும்தான்: 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. பின்மூடியைக் கழற்றினால் ஒரு குட்டி ஸ்லாட் தெரியலாம். அதில் இரண்டு மெல்லிய ஒயர் சொருகிய கார்டு இருந்தால் அது வைஃபை கார்டு. அந்த ஸ்லாட்டைப் பார்த்துவிட்டு எம்.2 இருக்கிறதே என்று வாங்கி வருகிறவர்கள் நிறைய. ஹார்ட் டிஸ்க் உட்காரும் இடத்தில் 2.5 இன்ச் எஸ்எஸ்டி அப்படியே உட்காரும்.

அடுத்தது, மலிவான எஸ்எஸ்டியில் எதைக் குறைத்து விலையைக் குறைக்கிறார்கள்? முதலில் டிராம். எந்தத் தகவல் எந்த சிப்பில் இருக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ள ஒரு தனி மெமரி. சாம்சங் 870 ஈவோவில் அது உண்டு. கிங்ஸ்டன் ஏ400, குரூஷியல் பிஎக்ஸ்500, டபிள்யூடி கிரீன் சாட்டாவில் கிடையாது. இரண்டாவது, ஃபிளாஷ், அதாவது தகவல் தங்கும் சிப்பின் வகை. ஒரு செல்லில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு வைத்தால் க்யூஎல்சி. நான்கு வைப்பது மலிவு, ஆனால் எழுதுவது மெதுவாகிவிடும். அது எப்போது தெரியும் என்றால், 50, 60 ஜிபி சினிமா கோப்புகளை மொத்தமாகக் காப்பி செய்து பாருங்கள். ஆரம்பத்தில் வேகக்கோடு மேலேயே நேராகப் போகும். உள்ளே இருக்கிற வேகமான கேஷ் பகுதி நிரம்பியதும் கோடு சட்டென்று கீழே விழும். சில க்யூஎல்சி டிரைவ்களில் 100 எம்பிக்கும் கீழே போய்விடும். உங்கள் வேலையில் அப்படி ஒரு நாள் வரப்போவதில்லை. அதனால் டிராம் இல்லாததையே தைரியமாக வாங்கலாம், மிச்சமாகும் காசில் 240-க்குப் பதில் 480 வாங்குங்கள். எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் அது மெதுவாகும். காலி இடம் இருக்க வேண்டும். 240 என்று வாங்கியது விண்டோஸில் 223 என்றுதான் காட்டும். ஏமாந்துவிட்டோமோ என்று பயப்படாதீர்கள், கணக்கிடும் முறைதான் வேறு.

சீக்கிரம் தேய்ந்துவிடுமே என்றும் பலர் பயப்படுகிறார்கள். ஏ400-ன் 480 ஜிபி மாடலுக்குக் மொத்தம் இவ்வளவு எழுதலாம் என்று கம்பெனி சொல்லும் அளவு 160 டிபி. தினமும் 20 ஜிபி எழுதினாலும் 8000 நாள் ஆகும். அதற்குள் லேப்டாப்பே இருக்காது.

இனி அந்த 2 டிபி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இதில் போவது உங்கள் பணம் மட்டுமில்லை, உங்கள் சான்றிதழ், போட்டோ எல்லாமும் சேர்ந்துதான். இப்படி ரொம்ப மலிவாக வருபவை பெரும்பாலும் போலிகள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் பலகை, அதில் ஒரு மெமரி கார்டு, மேலே பசை, அவ்வளவுதான். 64 ஜிபியோ 128 ஜிபியோ இருக்கும். 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சாஃப்ட்வேரை மாற்றியிருப்பார்கள். விண்டோஸும் அதை நம்பி 2 டிபி என்றே காட்டும். உண்மையான அளவு நிரம்பிய பிறகும் காப்பி ஆவதுபோலவே ஆகும், கோப்பின் பெயரும் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சந்தேகமான டிரைவ் ஏற்கெனவே கையில் இருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதவைத்துத் திரும்பப் படித்துச் சரிபாருங்கள். நேரம் ஆகும், ஆனால் பொய் வெளியே வந்துவிடும்.

விலையை ரூபாயில் சொல்லவில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏற ஆரம்பித்துவிட்டது. இன்று சொல்வது அடுத்த மாதம் பொருந்தாது. வாங்கும் அன்று நான்கு இடத்தில் விசாரியுங்கள். குரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தப்போவதாக அதன் உரிமையாளரான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. வாரன்டி தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள், கடையில் இருந்தால் வாங்கலாம். பழைய விமர்சனங்களை முழுக்க நம்ப வேண்டாம். 2021-ல் டபிள்யூடி எஸ்என்550 என்ற எஸ்எஸ்டியில் பெயர் மாறாமலே உள்ளே ஃபிளாஷ் மாறியது, கேஷ் நிரம்பிய பிறகு எழுதும் வேகம் கணிசமாகக் குறைந்துவிட்டது. ஆகவே சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உங்கள் ஊரில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், மூன்று வருட வாரன்டி, இது மூன்றையும் கேளுங்கள். பெட்டி இல்லாமல் கவரில் போட்டுத் தந்தால், டிரைவின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதியது என்றால் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும்.

மாட்டுவது எளிது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைச் சுற்றி ஒரு தகரச் சட்டம், நான்கு ஸ்க்ரூ இருக்கும். அந்தச் சட்டத்தைப் பத்திரமாக எடுத்து எஸ்எஸ்டியில் மாட்டுங்கள். எஸ்எஸ்டியின் தடிமன் 7 மில்லிமீட்டர். பழைய டிஸ்க் 9.5 ஆக இருந்தால் கொஞ்சம் ஆடும், சட்டம் இருந்தால் ஆடாது. பழையதில் இருப்பதை அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்யாமல் புதிதாக இன்ஸ்டால் செய்வதே நல்லது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அந்த வயது லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஆதரிக்காது. உங்கள் வேலைக்கு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். தமிழ் தட்டச்சும் அதில் வரும். இரண்டாவது ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் பிறகு ஒரு 4 ஜிபி சேர்க்கலாம், ஆனால் முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் நிலை 'குட்' என்று வந்தால் ஒரு யூஎஸ்பி 3.0 கேஸ் (டிஸ்க்கை வெளியே வைத்துப் பயன்படுத்த உதவும் உறை) வாங்கி அதில் போட்டு, போட்டோவுக்கும் சான்றிதழ் ஸ்கேனுக்கும் இரண்டாவது நகலாக வைத்துக்கொள்ளுங்கள். 'காஷன்' என்று மஞ்சளில் வந்தால் உள்ளே இருப்பதை இன்றே வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.