பேர் சொல்லிக் கூப்பிட்டாலும்

நேயர்களுக்கு வணக்கம். வங்கிக் கிளைகளில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். எங்கள் காலத்தில் அலுவலகத்தில் யாருக்கும் முழுப்பேர் கிடையாது. ‘கே.வி. சார்’, ‘கேஷியர் சார்’, ‘அக்கவுண்டன்ட் மேடம்’. மேனேஜர் என்றால் வெறும் ‘சார்’.

என் மகள் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். போன வாரம் வீட்டிலிருந்து வேலை. போனில், “கார்த்திக், அந்த மெயிலைப் பார்த்தீங்களா?” என்றாள். பேரை மாற்றித்தான் சொல்கிறேன். யாரம்மா என்றால், மேனேஜராம். என் தம்பி வயதாம். எனக்குக் காபி புரையேறியது.

அப்புறம் யோசித்தேன். பேர்தான் மொட்டை. வினையைக் கவனியுங்கள்: ‘பார்த்தியா’ என்று கேட்கவில்லை, ‘பார்த்தீங்களா’. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. அமெரிக்கக் கம்பெனிப் பழக்கம் வந்து ‘சார்’ போனதே தவிர, நம் வினையின் வாலை அசைக்க முடியவில்லை. தமிழில் மரியாதை வாலில் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், வாலில்.

சரி, அந்த வால் எல்லாருக்கும் கிடைக்கிறதா? 1986இல் எங்கள் கிளையில் ஒரு பியூன். தலை முழுக்க நரை. இருபது வயதுப் பையன்கள்கூடப் பேர் சொல்லி ‘வா, போ’ என்பார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் முதல் நாள், “ஐயா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?” என்று கேட்டார். பியூன் சட்டென்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஆடிட்டர் யாரோ வந்து நிற்கிறார் என்று நினைத்துவிட்டார்.

எல்லாரும் சிரித்தோம், நானும்தான். ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் ‘வா’ என்று சொல்ல வாய் வரவில்லை. திடீரென்று ‘வாங்க’ என்று சொல்லவும் கூச்சம். அதனால் ஆளே இல்லாத வாக்கியமாகப் பேச ஆரம்பித்தேன். “லெட்ஜர் வந்தாச்சா?” “தண்ணி கிடைக்குமா?” “சாப்பாடு ஆச்சா?” நீயும் இல்லை, நீங்களும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பாதிப் பேர் இதைச் செய்திருப்பீர்கள், வயதில் சின்ன மேலதிகாரியிடமாவது. ஒரு வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவரே வந்து, “சார், என்மேல ஏதாவது கோபமா? பேர் சொல்லிக் கூப்பிடுறதே இல்லையே” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பதவிப் பேர்கள் மாறிவிட்டன. பியூன் அலுவலக உதவியாளர் ஆனார். 2020இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கியது. நல்லது. கார்த்திக்குக்குக் கிடைக்கிற ‘ங்க’, உங்கள் ஆபீசில் மேஜை துடைக்கும் அம்மாவுக்கும் உண்டா என்று மகளைக் கேட்டேன். “அவங்ககிட்ட நான் பேசினதே இல்லையேப்பா” என்றாள்.

நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஸ்வீடனில் 1967இல் சுகாதாரத் துறைத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர்கள் எல்லாரையும் பேர் சொல்லியே அழைக்கப்போவதாக அறிவித்த கதையை விரிவாக எழுதி வைத்திருந்தேன். அது போகட்டும். பக்கத்தில் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் பஞ்சாயத்து, 2021இல் தன் அலுவலகத்தில் சார், மேடம் இரண்டும் வேண்டாம், பேரோ பதவியோ சொன்னால் போதும் என்று தீர்மானம் போட்டது. அதையாவது சொல்லிவிட்டேன். வணக்கம்.