படகின் தரையைப் பிரித்தால் தெரிவது

வணக்கம். கேமரா கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை நிறுத்தி வைக்கும் அளவுக்கு இந்தப் படகில் இப்போது தரை இல்லை. நான் நிற்பது வெறும் ஓட்டின் மேல், அதாவது படகின் வெளி உடலின் மேல். என் இரண்டு கால்களுக்கும் நடுவில் நீளமாக ஓடுகிறதே, அதுதான் ஸ்டிரிங்கர், தரையைத் தாங்கும் நீளக்கட்டை.

ஃபைபர் படகு என்றால் மேலிருந்து கீழ்வரை ஃபைபர்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடு ஃபைபர்தான். ஆனால் பழைய படகுகள் பலவற்றில் தரை பிளைவுட். அதன் மேல் மெல்லிய ஃபைபர் தோல் மட்டும். அதற்குக் கீழே அணியத்திலிருந்து (முன்பக்கம்) அமரம் (பின்பக்கம்) வரை ஓடும் மரக்கட்டைகள், அவற்றுக்கும் ஃபைபர் உறை. கட்டைகளுக்கு நடுவில் மிதப்புக்காக ஊற்றிய நுரை. ஆகவே தரையில் கால் வைத்ததும் மெத்தென்று அமுங்குகிறது என்றால், மேல் பலகையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. அதன் மேலேயே இன்னொரு பலகையை அடித்து மூடிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அப்படி மூடினால் அழுகல் உள்ளேயே இருக்கும், படகின் எடையும் கூடும்.

வெட்டி எடுத்த துண்டு ஒன்றை அருகில் காட்டுகிறேன். மேல் பக்கம் பாருங்கள், ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது திருப்புகிறேன். இந்த ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி மட்டும் கறுத்திருக்கிறது. விரலால் கிள்ளினால் ஈரத்தூளாக உதிர்கிறது. ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் அதே பலகை மஞ்சளாக, உளிக்கே அடங்காத உறுதியுடன் இருக்கிறது. ஓட்டை இருந்தது இருக்கைக்கால் பொருத்திய இடத்தில். தண்ணீர் எந்த வழியாக இறங்கியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எந்தத் தண்ணீர் என்று கேட்டால் சிலருக்கு வியப்பாக இருக்கும். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்குக் கடல்நீரைவிட மழைநீர்தான் தோது. உப்பு அதற்கு ஆகாது. அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் படகைவிட, கரையில் தார்ப்பாய் போட்டு மறந்துவிட்ட படகு சீக்கிரம் மக்குகிறது. மழைநீர் உள்ளே இறங்கும், காற்று ஓடாது, காயாது.

சரி, வெட்டும் வேலைக்கு வருகிறேன். முதலில் படகை நேராக நிறுத்துங்கள். தரையும் ஸ்டிரிங்கரும் சேர்ந்துதான் ஓட்டினை விறைப்பாகப் பிடித்திருக்கின்றன. அவற்றைப் பிரித்ததும், தாங்கல் இல்லாத இடத்தில் ஓடு தொய்யத் தொடங்கும். தொய்ந்த நிலையிலேயே புதுத்தரையை ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும், தண்ணீரில் படகின் ஓட்டமே மாறிவிடும். எனவே அடியில் பல இடங்களில் முட்டுக்கொடுத்து, ரசமட்டம் வைத்து, குறுக்கே நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் ரம்பத்தை எடுக்க வேண்டும். தரைக்குக் கீழே பெட்ரோல் டேங்க் இருக்கிறதா, ஒயர் போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டேங்க் இருந்தால் அதை வெளியே எடுத்து, ஆவி முழுவதும் போகும்வரை கிரைண்டரைத் தொடக் கூடாது. ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்கு மேல் வைக்காதீர்கள். கீழே ஓடு இருக்கிறது. சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் விளிம்பை விட்டுவிட்டு வெட்டி, மிச்சத்தைப் பிறகு கிரைண்டரால் தேய்த்து எடுப்பது என் பழக்கம்.

ஃபைபரை வெட்டும்போது பறக்கும் கண்ணாடித்தூள் விஷயத்தில் மட்டும் வீரம் வேண்டாம். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது. வடிகட்டி பொருத்திய சுவாச முகமூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். வேலை முடிந்ததும் வெந்நீரில் குளிக்காதீர்கள். பச்சைத்தண்ணீரில் தூளை அலசிவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது நுரை. ஒரு கன அடி நுரை, காய்ந்திருந்தால், ஒரு கிலோ கூட இருக்காது. அதே கன அடியில் 28 லிட்டர் தண்ணீர் அடங்கும். பாதி ஊறினாலே கணக்கு எங்கே போகிறது பாருங்கள். மூழ்காமல் இருக்க வைத்த பொருளே படகை அழுத்தத் தொடங்கிவிடும். நுண்ணறைகள் மூடிய நுரைதான், தண்ணீரைக் குடிக்காது என்பார்கள். பல வருடம் தண்ணீரிலேயே கிடந்தால் குடிக்கும். நடுவில் ஒரு கட்டியை வெட்டி எடுத்துப் பிழிந்து பாருங்கள். சொட்டினால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியதுதான். இந்தப் படகில் அமரத்துப் பக்கம் சொட்டியது, அணியத்துப் பக்கம் காய்ந்தே இருந்தது. வாட்டம் பின்னோக்கி இருப்பதால் தண்ணீர் அங்கேதான் போய்த் தேங்கும்.

ஸ்டிரிங்கரைச் சோதிக்க ஒரு சின்ன துளைக்கருவி போதும். பக்கவாட்டில் கீழ்ப்புறமாகத் துளையிட்டு, வரும் சீவலைக் கவனியுங்கள். வெளிறிய உலர்ந்த சுருள் வந்தால் நல்லது, துளையை அடைத்துவிட்டு நகரலாம். கறுத்த கூழ் வந்தால் உறையை மேலே பிளந்து, மரத்தைத் தோண்டி எடுத்து, புதுக்கட்டை வைத்து மீண்டும் உறை போட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் மக்கிய கட்டையின் மேல் புதுத்தரை போடுவதைவிட, படகைப் பிரிக்காமலே விட்டிருக்கலாம்.

அடுத்தது ரெசின், கண்ணாடித்துணியில் ஊறி இறுகும் பிசின். எப்பாக்சியா, பாலியெஸ்டரா என்று சண்டையே நடக்கிறது. இந்தப் படகு முழுவதும் பாலியெஸ்டரில் செய்ததுதான், இத்தனை காலம் ஓடியும் இருக்கிறது. ஆனாலும் பழைய பரப்பின் மேல் புதிதாக ஒட்டும்போது எப்பாக்சியின் பிடிமானம் அதிகம். மரத்தோடும் அது நன்றாகச் சேரும். அதனால் நான் எப்பாக்சி பக்கம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பாலியெஸ்டருக்கு வெயிலைப் பார்த்து, ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள், இறுகவைக்கும் கேட்டலிஸ்டைக் கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்சியில் அந்தச் சலுகை கிடையாது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதம்தான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் அது சரியாகவே இறுகாது. கலந்ததை வாளியில் அப்படியே வைத்திருக்கவும் கூடாது. மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். இன்னொன்று, வழக்கமான நறுக்கிழை மேட்டை (நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) எப்பாக்சியோடு போடாதீர்கள். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்சிக்கு நெய்த அல்லது தைத்த துணிதான் சரி.

பலகை மரைன் பிளைவுட். பெயரைப் பார்த்து மக்காது என்று நம்பிவிடாதீர்கள். நீருக்கு அசையாதது அதன் பசை. மரம் மரம்தான், ஈரம் தங்கினால் மக்கும். ஆகவே இரண்டு பக்கமும் ரெசின் பூச வேண்டும், அதற்கும் முன்பு வெட்டுமுனைகளில். முனை எவ்வளவு குடிக்கிறது பாருங்கள், பூசியதும் மறைந்துவிட்டது. இன்னொரு கை, இன்னும் ஒரு கை. இதை வெயில் ஏறும் நேரத்தில் செய்தால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் கொப்புளம் கொப்புளமாக எழும். வெயில் இறங்கத் தொடங்கிய பிறகு பூசுங்கள். மரமே ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பலகையின் ஓரம் ஓட்டினை இடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அலை அடிக்கும்போதெல்லாம் அந்த ஒரே கோட்டில் அழுத்தம் விழுந்து ஓடு விரிசல் விடும். சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதைக் கெட்டியான ரெசின் பட்டியால் நிரப்பி, மூலையை உள்வளைவாக இழுத்துவிடுங்கள். கண்ணாடித்துணி கூர்மூலையில் படியாது, தூக்கிக்கொண்டு நிற்கும். வளைவில் அப்படியே படுத்துக்கொள்ளும்.

தரையை மூடுவதற்கு முன் ஒரு சோதனை. பின்னால் வடிகால் தக்கையைக் கழற்றிவிட்டு, அணியத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வழியில் எங்காவது குட்டையாக நின்றால், குறுக்குக் கட்டைகளில் உள்ள நீர்வழித் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். புதுநுரை ஊற்றும்போதும் அந்த வழியை மறித்துவிடாதீர்கள். சோதனை முடிந்ததும் உள்பகுதி முழுவதும் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தை வைத்து மூடினால் பழைய கதைதான்.

கடைசியாக, அந்த ஸ்க்ரூ ஓட்டைகள். தேவையைவிடப் பெரிதாகத் துளையிட்டு, கெட்டி எப்பாக்சியால் முழுவதும் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். அப்போது ஸ்க்ரூ கடிப்பது எப்பாக்சியை. தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. இருக்கை, கொக்கி, சின்ன கிளிப் எதுவாக இருந்தாலும் இதே முறைதான்.

இன்று பலகைகளின் அடிப்பக்கம் பூசுகிறேன். கையுறை போட்டு ரெசினில் கை வைத்த பிறகு கேமராவைத் தொட முடியாது, அதனால் இங்கேயே அணைத்துவிடுகிறேன்.