பழுப்புக் கரடிக்கு எந்தக் குண்டு? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். பசியாறிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே பேசலாம். பீடோரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, என் மச்சான் அலாஸ்காவில், அங்கரேஜில் குடியிருக்கிறார். அடுத்த வருடம் பழுப்புக் கரடி வேட்டைக்குப் போகிறாராம். .375 வாங்குவதா .458 வாங்குவதா, சாலிட் குண்டா சாஃப்ட் பாயின்டா என்று குடும்ப வாட்ஸாப்பில் ஒரே சண்டை. நீங்கள் சொல்லுங்கள்."

நான் கரடி சுட்டவன் இல்லை தம்பி. இங்கே சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் என் சித்தப்பா காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். அவர் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். அப்புறம் ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆறு வருடம் லாரி மெக்கானிக் வேலை. எருமை வேட்டைக்கு வருகிறவர்கள் கையில் .375, .416 இருக்கும். தோலுரிக்கிற இடத்தில் எருமையின் உடம்பிலிருந்து எடுத்த குண்டுகளை எத்தனையோ தடவை வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் மலேசியக் காட்டில் இருப்பது சூரியக் கரடி, மலாயில் பெருவாங் மத்தஹாரி. பெரியதே 65 கிலோ பக்கம்தான். 2010 வனவிலங்குச் சட்டத்தில் அதற்கு முழுப் பாதுகாப்பு உண்டு. செம்பனைப் பழம் தின்ன வந்தால் வனவிலங்குத் துறைக்கு, அதாவது பெர்ஹிலித்தானுக்கு, போன் போடுங்கள், அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 14 வருடம் வரை உள்ளே, பிரம்படி தனி. மச்சான் தேடிப் போவது வேறு உருப்படி. கொடியாக் தீவில் ஒரு பெரிய ஆண் கரடி 680 கிலோ வரை போகும். நம் கரடி பத்தைச் சேர்த்துக் கட்டினால்தான் அது ஒன்று.

சரி, கேள்விக்கு வருவோம். நாம் எல்லாவற்றையும் தோட்டா என்று சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, மருந்து, கேப்பு, குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போய்த் தைப்பது குண்டு மட்டும். .375, .458 என்பதெல்லாம் குண்டின் குறுக்களவு, அங்குலக் கணக்கில். .375ஆ .458ஆ என்பது தோட்டாச் சண்டை. நான் முதலில் கேட்பது குண்டை.

கேமராவை இந்தப் பக்கம் திருப்பு. இது தூண்டிலில் கட்டுகிற ஈயம். சுத்தியலால் ஒரு போடு. பார்த்தீர்களா, அப்பளம். இப்போது அதே ஈயத்தை ஏர்கோன் செம்புக் குழாய்த் துண்டுக்குள் அடித்து ஏற்றியிருக்கிறேன். மறுபடி ஒரு போடு. குழாய் வாய் பூ மாதிரி விரிகிறது, ஆனால் ஈயம் வழுக்கிக் கொண்டு வெளியே வருகிறது பாருங்கள். சாதாரண சாஃப்ட் பாயின்ட் குண்டுக்கு நேர்கிற கதி இதுதான். மேலே செம்பு உறை, உள்ளே ஈயம். கிட்டத்தில் சுட்டால் வேகம் அதிகம், எதிரே தடித்த தோள் எலும்பு. உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் சிதறி, காயம் மேலோடு நின்றுவிடும்.

சித்தப்பாவுக்கு இது நடந்திருக்கிறது. ஒரு ஆண் பன்றி, சேற்றில் புரண்டு புரண்டு உடம்பெல்லாம் ஓடு போலக் காய்ந்த மண். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றதை அடித்தார். அது ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் மண் கட்டிதான் கிடக்கிறது, ரத்தம் நாலு சொட்டு. பொடி ரவை, அதாவது பறவைக்குப் போடுகிற சின்ன ஈய உருண்டை, போட்டு அடித்தது அவர் தப்பு, அது வேறு கதை. ஆனால் இதே சேறுதான் 1946இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கரையும் மாட்டிவிட்டது. லாரித் தொழில் செய்தவர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு மூஸ் மான் வேட்டைக்குப் போனார். கையில் .300 மேக்னம். சேறு அப்பிய மூஸை அடிக்க அடிக்க, குண்டு உடைகிறதே தவிர உள்ளே போகவில்லை. ஊருக்குத் திரும்பியவர் குண்டின் நடுவில் ஒரு செம்புச் சுவர் வைத்தார். முன் பாதி விரிந்து சிதறினாலும் பின் பாதி அப்படியே உள்ளே துளைத்துக் கொண்டு போகும். அதுதான் பார்ட்டிஷன். 80 வருடம் நெருங்குகிறது, இன்னும் விற்கிறது. என்னைப் போல லாரிக்காரர் என்பதால் எனக்கு ஒரு தனிப் பிரியம், மறைக்கவில்லை.

ஸ்விஃப்ட் கம்பெனியின் ஏ-ஃப்ரேம் குண்டிலும் அதே சுவர் உண்டு, ஈயத்தையும் உறையோடு ஒட்டியிருப்பார்கள். பார்ன்ஸ் கம்பெனி 1989இல் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டைக் கொண்டு வந்தது. பிரிவதற்கு உள்ளே வேறு ஒன்றும் இல்லை. இந்த மூன்றில் மச்சானின் துப்பாக்கிக்கு எதைச் சுட்டால் ஓட்டைகள் எல்லாம் குறி அட்டையில் ஒரே இடத்தில் கூடுகிறதோ அதை எடுக்கட்டும்.

சாலிட் வேண்டாம். யானைக்கும் ஆப்பிரிக்க எருமைக்கும் செய்த சாமான் அது. விரியாமல் ஊசி மாதிரி போகும். கரடியில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு, பின்னால் யார் நிற்கிறார்களோ அவரிடம் போய்விடும். கரடிக்கு விரியவும் வேண்டும், ஆழமும் வேண்டும், முடிந்தால் அந்தப் பக்கம் வெளியே வரவும் வேண்டும். ஏனென்றால் கொழுப்பும் ரோமமும் ரத்தத்தைக் குடித்துவிடும். ஓட்டை ஒன்றுதான் என்றால் தரையில் சுவடே விழாது. புதருக்குள் போன காயம்பட்ட கரடியைச் சுவடு இல்லாமல் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது எடை. .375 எச் அண்ட் எச், 1912இல் ஹாலந்து அண்ட் ஹாலந்து போட்டது, வழக்கமான குண்டு 300 கிரெய்ன். நம் கணக்கில் 19 கிராமுக்கு மேல், அதாவது ரெண்டரை பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அதை எடுக்கச் சொல்லுங்கள். .458இல் 500 கிரெய்ன், நாலு பவுன் ஈயமும் செம்பும். 1983இல் அமெரிக்க வனத்துறை கரடிக்காகவே 15 கெஜத்தில் வைத்துப் பல குண்டுகளைச் சோதித்தபோது முதலில் நின்றது .458தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோளில் விழும் உதை .375ஐ விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுகிற ஆளாக மச்சான் ஆகிவிட்டால் நாலு பவுன் குண்டு மரத்துக்குத்தான். அலாஸ்கா அரசின் வேட்டைத் துறையே சொல்கிறது, .30-06இல் 200 அல்லது 220 கிரெய்ன் நல்ல குண்டு போட்டு, சரியான இடத்தில் அடித்தால் வேலை முடியும் என்று. உங்கள் சண்டையில் .338 வின்செஸ்டரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள், 250 கிரெய்ன் போட்டால் அதுவும் கரடிக்குப் போதும். அங்கே நிறையப் பேர் கையில் இருப்பதும் அதுதான்.

அப்புறம் தம்பி, நீங்களும் கூடப் போகிற ஆசை இருந்தால் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர் லைசென்ஸ் உள்ள கைடு இல்லாமல் அங்கே பெரிய விலங்கு எதையும் வேட்டையாட முடியாது. மச்சான் கூட இருந்தால் போதாது.

மச்சானை ரெண்டு பெட்டி வாங்கச் சொல்லுங்கள், வேறு வேறு குண்டு. மேசையில் சாய்ந்து இல்லை, முட்டி போட்டு 50 கெஜத்தில் குறி அட்டையைச் சுடட்டும். அந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தப் பெட்டி என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.